குழந்தைகளின் சிறுநீர்த் தொற்று மருந்துக்குக் கேட்காமல் போவது ஏன்?

குழந்தைக்குக் காய்ச்சல். சிறுநீரைப் பரிசோதித்துவிட்டு 'யூரின் இன்ஃபெக்‌ஷன்' என்று சொல்லி ஒரு சிரப் எழுதிக் கொடுக்கிறார் டாக்டர். மூன்று நாள் கொடுத்தும் காய்ச்சல் இறங்கவில்லை. அதற்குள் சிறுநீரில் உள்ள கிருமியை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர் சோதனையின் ரிப்போர்ட் வருகிறது. கொடுத்துக்கொண்டிருந்த மருந்தின் பெயருக்கு நேரே 'ரெசிஸ்டன்ட்', அதாவது இதற்குக் கிருமி கட்டுப்படாது என்று போட்டிருக்கிறது. உடனே மருந்தை மாற்ற வேண்டியிருக்கிறது. சில சமயம் ஊசி, சில சமயம் ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டிய நிலை. வீட்டில் இருப்பவர்கள் இதற்கு ஒரே விளக்கம்தான் சொல்வார்கள்: "பிள்ளையோட உடம்பு இந்த மருந்துக்குப் பழகிப்போச்சு."

இந்த விளக்கம் தப்பு, அதோடு ஆபத்தானதும்கூட. உடம்பு பழகிவிட்டது என்று நம்புகிறவர், டோஸைக் கொஞ்சம் கூட்டினால் கேட்கும் என்று நினைப்பார். இந்தக் குறிப்பிட்ட மருந்தை என் பிள்ளைக்குக் கொடுத்ததே இல்லை, அதனால் பயமில்லை என்றும் நினைப்பார். குழந்தையின் உடம்பில் எந்த மாற்றமும் ஏற்படுவதில்லை. மாறியிருப்பது பாக்டீரியா. அந்த மாற்றமும் பெரும்பாலும் சிறுநீர்ப்பையில் நடப்பதில்லை. குடலில், சில வாரங்களோ மாதங்களோ முன்பே நடந்து முடிந்திருக்கும். அது எப்படி என்று பார்ப்போம்.

கிருமி எங்கிருந்து வருகிறது?

சிறுநீர்த் தொற்று என்றதும் அழுக்குக் கழிப்பறை, சரியாகத் துவைக்காத உள்ளாடை என்று எல்லோரும் வெளியேதான் காரணம் தேடுவார்கள். ஆனால் குழந்தைகளுக்கு வரும் சிறுநீர்த் தொற்றில் 80 முதல் 90 சதவீதம் வரை இ.கோலை என்ற ஒரே வகை பாக்டீரியாவால் வருகிறது. பாக்டீரியா என்பது ஒரே ஒரு செல்லால் ஆன, கண்ணுக்குத் தெரியாத உயிரி. இ.கோலையின் வீடு நம்முடைய குடல். குழந்தை பிறந்த சில நாட்களிலேயே அது அங்கே குடியேறிவிடும். குடலுக்குள் இருக்கும்வரை பெரும்பாலும் அதனால் தொந்தரவு இல்லை.

மலத்தோடு வெளியே வந்து, ஆசனவாயைச் சுற்றியுள்ள தோலில் தங்கி, சிறுநீர் வெளியேறும் குழாய் வழியாக மேலே ஏறும்போதுதான் சிக்கல் ஆரம்பிக்கிறது. சிறுநீர்ப்பையோடு நின்றுவிட்டால் எரிச்சல், அடிவயிற்று வலி, அடிக்கடி சிறுநீர் போவது. சிறுநீரகம் வரை ஏறிவிட்டால் கடும் காய்ச்சல், வாந்தி, குளிர் நடுக்கம். பெண் குழந்தைகளுக்கு அந்தக் குழாய் நீளம் குறைவு என்பதால் தொற்றும் அதிகம். 7 வயதுக்குள் சுமார் 8 சதவீதப் பெண் குழந்தைகளுக்கும் 2 சதவீத ஆண் குழந்தைகளுக்கும் ஒரு முறையாவது வந்துவிடுகிறது. பிறந்த முதல் சில மாதங்களில் மட்டும் ஆண் குழந்தைகளிடம் கூடுதலாகக் காணப்படும்.

கைக்குழந்தைக்கு எரிகிறது என்று சொல்லத் தெரியாது. சளி, இருமல் எதுவும் இல்லாமல் காய்ச்சல் மட்டும் அடிக்கும். பால் குடிக்காது, சிணுங்கிக்கொண்டே இருக்கும், வாந்தி எடுக்கும். 3 மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்குக் காய்ச்சல் என்றால் வீட்டில் வைத்துப் பார்க்கவே கூடாது, அன்றே டாக்டரிடம் போக வேண்டும்.

இவ்வளவு அவசரம் எதற்கு? காய்ச்சலோடு முதல் முறை சிறுநீர்த் தொற்று வரும் குழந்தைகளில் சுமார் 15 சதவீதம் பேருக்குச் சிறுநீரகத்தில் தழும்பு விழுகிறது. சரியான மருந்து தாமதமாகத் தாமதமாக இந்த ஆபத்து கூடும். கேட்காத மருந்தைக் கொடுத்துக்கொண்டு காத்திருக்கும் ஒவ்வொரு நாளும் தாமதக் கணக்கில்தான் சேர்கிறது.

களைக்கொல்லி அடித்த நிலம்

புல்லும் செடியும் மண்டிக் கிடக்கும் ஒரு நிலத்தை நினைத்துக்கொள்ளுங்கள். அதில் எங்கோ ஒரு மூலையில், களைக்கொல்லி பட்டாலும் சாகாத ரகச் செடி ஒன்று இருக்கிறது. மருந்து அடிக்காத வரை அதற்கு எந்த அனுகூலமும் கிடையாது. மற்றவற்றோடு இடத்துக்கும் தண்ணீருக்கும் போட்டி போட்டபடி நோஞ்சானாக நிற்கும். ஒரு நாள், வரப்போரம் முளைத்த ஒரு முள்செடியைக் கொல்ல நிலம் முழுக்கக் களைக்கொல்லி அடிக்கிறோம். முள்செடி சாகிறது. கூடவே புல்லும் மற்றச் செடிகளும் கருகிப்போகின்றன. அந்த ஒரு செடி மட்டும் நிற்கிறது. இனி அதற்குப் போட்டியே இல்லை. அடுத்த மழைக்குள் நிலம் முழுக்க அதன் வாரிசுகள்தான்.

கவனியுங்கள், களைக்கொல்லி அந்தச் செடியை உருவாக்கவில்லை. அது ஏற்கெனவே இருந்தது. மற்றவற்றை ஒழித்து இடத்தைக் காலி செய்து கொடுத்தது மட்டும்தான் களைக்கொல்லி செய்த வேலை.

குடல்தான் அந்த நிலம். காதுவலிக்கோ தொண்டைவலிக்கோ கொடுக்கும் ஆன்டிபயாடிக், அதாவது பாக்டீரியாவைக் கொல்லும் அல்லது பெருகவிடாமல் தடுக்கும் மருந்து, காதையோ தொண்டையையோ தேடிப்போய் அங்கே மட்டும் வேலை செய்வதில்லை. வாய்வழி கொடுக்கும் மருந்து குடலைத் தாண்டித்தான் ரத்தத்தில் சேர்கிறது. ஊசியாகப் போட்டாலும் குடல் தப்பிவிடாது. செஃப்ட்ரையாக்சோன் போன்ற ஊசி மருந்தில் கணிசமான பங்கு பித்தநீரோடு கலந்து குடலுக்கே வந்து சேரும். ஆக, எந்த நோய்க்குக் கொடுத்தாலும் குடலில் இருக்கும் பாக்டீரியாக்கள் எல்லாம் அந்த மருந்தில் நனைகின்றன. சாகக்கூடியவை சாகின்றன. தாக்குப்பிடிக்கும் இ.கோலை ஒன்றிரண்டு இருந்தால் காலி இடம் முழுக்க அவற்றுக்குத்தான். வசதியான சூழலில் இ.கோலை 20 நிமிடத்துக்கு ஒரு முறை இரண்டாகப் பிரியும். குடலில் அவ்வளவு வேகம் இருக்காது. ஆனாலும் சில நாட்கள் போதும்.

ஒரு மருந்து தாக்கியும் பாக்டீரியா சாகாமல் பெருகும் இந்தத் தன்மைக்குப் பெயர்தான் ஆன்டிபயாடிக் எதிர்ப்பு.

பாக்டீரியா அப்படி என்னதான் செய்கிறது?

அமாக்சிசிலின், செஃபிக்சிம் போன்றவை பீட்டா-லாக்டம் என்ற குடும்பத்து மருந்துகள். பாக்டீரியாவைச் சுற்றி ஒரு சுவர் உண்டு. வளரும்போது அந்தச் சுவரைப் பாக்டீரியா தொடர்ந்து கட்டிக்கொண்டே இருக்க வேண்டும். பீட்டா-லாக்டம் மருந்து அந்தக் கட்டுமானத்தை நிறுத்திவிடும். சுவர் பலவீனமாகி, பாக்டீரியா வெடித்துச் சாகும்.

இதற்கு இ.கோலை கண்ட வழி, பீட்டா-லாக்டமேஸ் என்ற நொதி. வேதிவினைகளை விரைவாக்கும் புரதத்தை நொதி என்கிறோம். இந்த நொதி மருந்தின் மூலக்கூறை உடைத்துப் போட்டுவிடும். உடைந்த மருந்தால் ஒன்றும் செய்ய முடியாது. இது ஏதோ சமீபத்தில் வந்த சங்கதி இல்லை. பென்சிலின் பரவலாகப் புழக்கத்துக்கு வருவதற்கு முன்பே, 1940-இல், ஆக்ஸ்போர்டில் எட்வர்ட் ஆப்ரஹாமும் எர்ன்ஸ்ட் செயினும் பென்சிலினை அழிக்கும் நொதி ஒன்றைக் கண்டு எழுதினார்கள். அவர்கள் அதை எடுத்தது இதே இ.கோலையிலிருந்துதான். 30,000 ஆண்டுகள் பழைய உறைநிலத்தில்கூட எதிர்ப்பு மரபணுக்கள் கிடைத்திருக்கின்றன. மண்ணில் நுண்ணுயிர்கள் தங்களுக்குள் இப்படி மோதிக்கொள்வது மனிதன் மருந்து தயாரிப்பதற்கு வெகுகாலம் முன்பிருந்தே நடக்கிறது.

அமாக்சிசிலினோடு கிளாவுலானிக் அமிலத்தைச் சேர்த்து விற்பது இந்த நொதியை முடக்கத்தான். அதற்குப் பின் இன்னும் விரிவாக வேலை செய்யும் நொதிகள் வந்தன. செஃபிக்சிம், செஃப்ட்ரையாக்சோன் போன்றவற்றையும் அவை உடைத்துவிடும். ரிப்போர்ட்டில் 'ஈ.எஸ்.பி.எல்.' என்று பார்த்தால் இந்த வகை என்று அர்த்தம். நொதி தவிர வேறு வழிகளும் உண்டு. உள்ளே வந்த மருந்தை வெளியே தள்ளிவிடுவது, மருந்து போய் ஒட்டும் இடத்தின் வடிவத்தையே மாற்றிக்கொள்வது, மருந்து நுழையும் துளைகளைக் குறைத்துக்கொள்வது.

இதையெல்லாம் விட எனக்கு முக்கியமாகப் படுவது பிளாஸ்மிட். இது பாக்டீரியாவின் முதன்மை மரபுப்பொருளுக்கு வெளியே தனியாக மிதக்கும், வளையம் போன்ற சிறு டி.என்.ஏ துணுக்கு. எதிர்ப்புக்கான மரபணு பெரும்பாலும் இதில்தான் இருக்கும். ஒரு பாக்டீரியா தன் பிளாஸ்மிட்டைப் பிரதி எடுத்துப் பக்கத்தில் இருக்கும் இன்னொன்றுக்கு அப்படியே கொடுத்துவிடும். அந்த இன்னொன்று வேறு இனமாக இருந்தாலும் சரி. மேலும், ஒரே பிளாஸ்மிட்டில் நான்கைந்து மருந்துகளுக்கான எதிர்ப்பு மரபணுக்கள் சேர்ந்தே இருப்பது சாதாரணம். அதனால் ஒரு மருந்தைப் பயன்படுத்தினாலே அதோடு ஒட்டியிருக்கும் மற்ற மருந்துகளுக்கான எதிர்ப்பும் கூடவே பெருகிவிடும். 'இந்த மருந்தை ஒரு தடவைகூடக் கொடுத்ததில்லையே, எப்படிக் கேட்காமல் போச்சு?' என்ற கேள்விக்குப் பதில் இதில் இருக்கிறது.

இதுவரை பார்த்தது: சிறுநீர்த் தொற்றின் கிருமி குழந்தையின் சொந்தக் குடலிலிருந்து வருகிறது. எந்த நோய்க்கு ஆன்டிபயாடிக் கொடுத்தாலும் குடலில் எதிர்ப்புள்ள பாக்டீரியாவுக்கு இடம் கிடைக்கிறது. ஒரு மருந்துக்கான எதிர்ப்பு மற்றவற்றுக்கான எதிர்ப்பையும் கூட்டிக்கொண்டு வரும்.

சளிக்குக் கொடுத்தது, சிறுநீரில் தெரிவது

குழந்தைகளுக்கு வரும் சளி, இருமல் காய்ச்சலில் பெரும்பாலானவை வைரஸால் வருபவை. ஆன்டிபயாடிக்குக்கு வைரஸ் கட்டுப்படாது. அந்த நேரத்தில் கொடுக்கும் ஆன்டிபயாடிக்கால் சளிக்கு ஒரு பயனும் இல்லை. குடலுக்கு மட்டும் விளைவு உண்டு.

இது வெறும் ஊகம் இல்லை. 2016-இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் ஒரு பெரிய தொகுப்பாய்வு வந்தது. குழந்தைகளின் சிறுநீர்த் தொற்றில் கிடைத்த இ.கோலை பற்றி 26 நாடுகளில் நடந்த 58 ஆய்வுகளை அதில் சேர்த்துப் பார்த்தார்கள். அண்மையில் ஆன்டிபயாடிக் எடுத்த குழந்தைகளின் சிறுநீரில் எதிர்ப்புள்ள இ.கோலை அதிகம் இருந்தது. மருந்து எடுத்து முதல் மாதத்தில் அது மிக அதிகம். பிறகு படிப்படியாகக் குறைந்தாலும் 6 மாதம் வரை அந்தத் தாக்கம் தெரிந்தது.

அதே ஆய்வில் இன்னொரு விவரமும் உண்டு. அமாக்சிசிலினின் நெருங்கிய உறவான ஆம்பிசிலினுக்கு, ஓ.இ.சி.டி. அமைப்பில் உள்ள வளர்ந்த நாடுகளிலேயே பாதிக்கு மேற்பட்ட இ.கோலை கட்டுப்படவில்லை. அந்த அமைப்புக்கு வெளியே உள்ள நாடுகளில் அது சுமார் 80 சதவீதம். டாக்டரின் சீட்டு இல்லாமலே கடையில் ஆன்டிபயாடிக் வாங்க முடிவதை இந்த இடைவெளிக்கு ஒரு காரணமாக ஆய்வாளர்கள் சுட்டிக்காட்டினார்கள். ஒரு காலத்தில் கண்ணை மூடிக்கொண்டு எழுதிய மருந்தை இன்று சிறுநீர்த் தொற்றுக்கு நம்பிக் கொடுக்க முடியாமல் போனது இப்படித்தான்.

நல்ல செய்தியும் இதற்குள்ளேயே இருக்கிறது. தாக்கம் குறைகிறது என்றால், ஆன்டிபயாடிக் படாமல் விட்டால் குடலில் பழைய கூட்டம் மெல்லத் திரும்பி வருகிறது என்று பொருள்.

லேபில் என்ன நடக்கிறது?

எந்த மருந்து கேட்கும் என்று தெரிந்துகொள்ள இருக்கும் நம்பகமான வழி கல்ச்சர். சிறுநீரில் உள்ள பாக்டீரியாவை வளர்த்துப் பார்க்கும் சோதனை அது. இதற்கான சிறுநீரை ஆன்டிபயாடிக்கின் முதல் டோஸ் கொடுப்பதற்கு முன்பே எடுத்துவிட வேண்டும். ஒரு டோஸ் உள்ளே போனாலே சிறுநீரில் பாக்டீரியா வளராமல் போகலாம். அப்புறம் எந்தக் கிருமி, எந்த மருந்து என்று எதுவும் தெரியாது.

எடுக்கும் முறையும் முக்கியம். சொன்னால் புரியும் வயதுக் குழந்தைக்கு, சுத்தம் செய்துவிட்டு, முதலில் வரும் கொஞ்சத்தை விட்டுவிட்டு நடுவில் வருவதைப் பிடிக்க வேண்டும். கைக்குழந்தைக்கு மெல்லிய குழாய் செருகி எடுப்பார்கள். பார்க்கப் பெற்றோருக்குக் கஷ்டமாக இருக்கும், ஆனால் சில நொடி வேலை. தோலில் பை ஒட்டி எடுக்கும் சிறுநீரில் தோலின் பாக்டீரியாவும் மலத்தின் பாக்டீரியாவும் கலந்துவிடும். அதில் ஒன்றும் இல்லை என்று வந்தால் நம்பலாம். ஏதோ வளர்ந்திருக்கிறது என்று வந்தால் மட்டும் நம்ப முடியாது. எடுத்த சிறுநீரை ஒரு மணி நேரத்துக்குள் லேபில் சேர்த்துவிட வேண்டும். முடியாவிட்டால் குளிர வைக்க வேண்டும். இல்லையென்றால் குப்பிக்குள்ளேயே பாக்டீரியா பெருகிக் கணக்கைக் கெடுத்துவிடும்.

லேபில் ஒரு துளியை ஊட்டப் பொருள் உள்ள தட்டில் தடவி, உடல் வெப்பத்தில் ஒரு இரவு வைப்பார்கள். மறுநாள் ஒவ்வொரு பாக்டீரியாவும் பெருகிப் புள்ளிப் புள்ளியாகத் தெரியும். எண்ணிப் பார்த்து, ஒரு மில்லி லிட்டரில் 1,00,000-க்கு மேல் ஒரே வகை இருந்தால் பொதுவாகத் தொற்று என்று எடுத்துக்கொள்வார்கள். குழாய் வழியாக எடுத்ததென்றால் அதைவிடக் குறைந்த எண்ணிக்கையே போதும்.

அடுத்தது சென்சிட்டிவிட்டி, அதாவது எந்த மருந்துக்குக் கட்டுப்படுகிறது என்ற சோதனை. வளர்ந்த பாக்டீரியாவை இன்னொரு தட்டில் ஒரே சீராகப் பரப்பி, அதன்மேல் மருந்தில் தோய்த்த 6 மில்லி மீட்டர் காகித வட்டுகளை வைப்பார்கள். ஒரு வட்டுக்கு ஒரு மருந்து. மறுநாள் பார்த்தால் தட்டு முழுக்கப் பாசி படிந்தது போல் பாக்டீரியா. சில வட்டுகளைச் சுற்றி மட்டும் எதுவும் வளராத தெளிவான வளையம். அந்த மருந்து வேலை செய்கிறது. வேறு சில வட்டுகளில் ஓரம் வரைக்கும், சில சமயம் வட்டை ஒட்டியே, பாக்டீரியா வளர்ந்து நிற்கும். வளையத்தை மில்லி மீட்டரில் அளந்து அட்டவணையோடு ஒப்பிட்டுத்தான் ரிப்போர்ட் எழுதுகிறார்கள். இப்போது பல லேப்களில் இதற்கு இயந்திரம் உண்டு. எப்படிச் செய்தாலும் மொத்தத்தில் இரண்டு, மூன்று நாளாகும்.

நோய் அதுவரை காத்திருக்காது. அதனால் டாக்டர் ஒரு மருந்தை அனுபவத்தை வைத்துத் தொடங்குவார், ரிப்போர்ட் வந்ததும் தேவைப்பட்டால் மாற்றுவார். முதல் மருந்தை மாற்றினார் என்பதற்காக முதலில் தவறு செய்தார் என்று நினைக்க வேண்டியதில்லை.

'பவர்' கூடிய மருந்தைக் கேட்பது

ரிப்போர்ட்டில் மருந்துகளின் பட்டியலும் எதிரே 'எஸ்', 'ஐ', 'ஆர்' என்ற எழுத்துகளும் இருக்கும். 'எஸ்' என்றால் கட்டுப்படும். 'ஆர்' என்றால் கட்டுப்படாது. 'ஐ' என்பது வழக்கமான அளவில் நம்ப முடியாது, மருந்தின் செறிவு கூடினால் வேலை செய்யலாம் என்ற நிலை. மெரோபெனம் போன்ற ஊசி மருந்துக்கு நேரே 'எஸ்' இருப்பதைப் பார்த்துவிட்டு, இருப்பதிலேயே பெரியதையே கொடுத்துவிடலாமே என்று கேட்பவர்கள் உண்டு. 'எஸ்' போட்ட எல்லா மருந்தும் அந்தக் கிருமியைக் கொல்லும். அவற்றில் எளிமையானது, குடலில் குறைவாகச் சேதம் செய்வது எதுவோ அதைத் தேர்ந்தெடுப்பவர்தான் நல்ல டாக்டர். பெரிய மருந்தையும் வீணாக்கிவிட்டால் அடுத்த முறைக்கு மிச்சம் இருக்காது.

'எஸ்' இருந்தும் ஒத்துவராத மருந்தும் உண்டு. நைட்ரோஃபியூரன்டாயின் சிறுநீரில் நன்றாகச் சேரும், ஆனால் சிறுநீரகத் திசுவில் போதுமான அளவு சேராது. சிறுநீர்ப்பைத் தொற்றுக்கு அது அருமையான மருந்து. கடும் காய்ச்சலோடு சிறுநீரகத்தில் தொற்று இருக்கும் குழந்தைக்கு அது உதவாது.

இன்னொன்று. காய்ச்சல், வலி, எரிச்சல் எதுவும் இல்லாமல் நன்றாக விளையாடும் குழந்தையின் சிறுநீரிலும் சில சமயம் பாக்டீரியா வளரும். பொதுவாக அதற்கு மருந்து வேண்டாம். குணமான பிறகு, சுத்தமாகப் போய்விட்டதா என்று பார்க்க மறுபடி கல்ச்சர் எடுப்பதும் பெரும்பாலும் தேவையில்லாததே. ஏதாவது வளர்ந்துவிட்டால், தேவையே இல்லாமல் இன்னொரு கோர்ஸ் மருந்துதான் மிச்சம்.

எத்தனை நாள் கொடுப்பது?

பாதியில் நிறுத்தினால் எதிர்ப்பு வளரும், எனவே நிறைய நாள் கொடுத்தால் நல்லது என்றே எல்லோரும் கேட்டுப் பழகியிருக்கிறோம். இதில் ஒரு பாதிதான் சரி. தொற்று முழுக்கப் போகும்வரை கொடுக்க வேண்டும், இல்லையென்றால் அது திரும்பும். அதற்கு மேல் கொடுக்கும் ஒவ்வொரு நாளும் குடல் பாக்டீரியாவை மருந்தில் ஊறவைக்கும் நாள். அந்த நாட்களால் எதிர்ப்பு குறையாது, கூடும்.

அதனால்தான் ஆய்வுகள் குறைந்த நாட்களை நோக்கிப் போகின்றன. 2023-இல் வெளிவந்த ஒரு ஆய்வில், 5 நாள் மருந்தில் தேறிவிட்ட குழந்தைகளில் ஒரு பிரிவினருக்கு அதோடு மருந்தை நிறுத்தி, மற்றப் பிரிவினருக்கு 10 நாள் வரை தொடர்ந்தார்கள். 5 நாளில் நிறுத்தியவர்களில் 4.2 சதவீதம் பேருக்கும், 10 நாள் எடுத்தவர்களில் 0.6 சதவீதம் பேருக்கும் சிகிச்சை தோற்றது. 10 நாள்தான் மேல். ஆனால் 5 நாளிலேயே பெரும்பாலோர் குணமாகிவிட்டார்கள் என்பதும் தெரிகிறது. எத்தனை நாள் என்பது குழந்தையின் வயது, தொற்று எங்கே இருக்கிறது என்பதையெல்லாம் பார்த்து டாக்டர் முடிவு செய்ய வேண்டியது. காய்ச்சல் விட்டதும் நாமாக நிறுத்துவது வேறு விஷயம், அதைச் செய்யக் கூடாது.

தினமும் தடுப்பு மருந்து

சில குழந்தைகளுக்குச் சிறுநீர்ப்பையிலிருந்து சிறுநீர் மேல்நோக்கி சிறுநீரகத்துக்கே திரும்பிப் போகும் குறை இருக்கும். அவர்களுக்குத் தொற்று வராமலிருக்கத் தினமும் சிறிய அளவில் ஆன்டிபயாடிக் கொடுப்பதுண்டு. இப்படிப்பட்ட 607 குழந்தைகளை 2 ஆண்டு கவனித்த அமெரிக்க ஆய்வு 2014-இல் வந்தது. தினமும் மருந்து எடுத்தவர்களுக்குத் திரும்பத் தொற்று வருவது ஏறக்குறையப் பாதியாகக் குறைந்தது. ஆனால் சிறுநீரகத் தழும்பில் வித்தியாசம் இல்லை. அதையும் மீறி இ.கோலை தொற்று வந்தவர்களைப் பார்த்தால், மருந்து எடுத்துவந்தவர்களில் 63 சதவீதம் பேருக்கு அந்த மருந்துக்கு எதிர்ப்புள்ள கிருமி. எடுக்காதவர்களில் அது 19 சதவீதம்தான். களைக்கொல்லி அடித்த நிலத்தின் கதையை இதைவிடத் தெளிவாக எண்களில் காட்ட முடியாது. தடுப்பு மருந்து யாருக்குத் தேவை என்று டாக்டர்கள் இப்போது ஒவ்வொரு குழந்தையாக யோசித்து முடிவெடுப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

வீட்டில் செய்யக்கூடியது

மலச்சிக்கலைக் கவனியுங்கள். மருந்தே இல்லாமல் சிறுநீர்த் தொற்றைக் குறைக்க இருக்கும் நல்ல வழி இது, ஆனால் பலர் இதைக் கண்டுகொள்வதே இல்லை. மலக்குடல் நிரம்பிக் கிடந்தால் அது சிறுநீர்ப்பையை அழுத்தும். சிறுநீர் முழுதாக வெளியேறாமல் கொஞ்சம் தங்கும், தங்கியதில் பாக்டீரியா பெருகும். விளையாட்டு மும்முரத்தில் சிறுநீரை அடக்கும் குழந்தைகளுக்கும் இதே கதைதான். இரண்டு, மூன்று மணி நேரத்துக்கு ஒரு முறை கூப்பிட்டு, அவசரப்படுத்தாமல் போகச் சொன்னாலே வித்தியாசம் தெரியும்.

மருந்து கொடுக்கும்போது அளவு முக்கியம். தூளாக வரும் சிரப்பில் பாட்டிலில் உள்ள கோடு வரைக்கும்தான் ஆறவைத்த தண்ணீர் ஊற்ற வேண்டும், ஒவ்வொரு முறையும் குலுக்க வேண்டும். சமையலறைக் கரண்டிகள் ஒவ்வொன்றும் ஒரு அளவு. மருந்தோடு வரும் அளவுக் குப்பியோ ஊசியில்லாத சிரிஞ்சோதான் சரி. மீந்த மருந்தை அடுத்த காய்ச்சலுக்கென்று எடுத்துவைக்காதீர்கள். அண்ணனுக்கு எழுதியதைத் தங்கைக்குக் கொடுக்காதீர்கள்.

அப்புறம், பழைய கல்ச்சர் ரிப்போர்ட்டுகளை ஒரு கவரில் போட்டு வையுங்கள். குழந்தைக்கு எப்போது எந்த ஆன்டிபயாடிக் கொடுத்தோம் என்று, காதுவலிக்குக் கொடுத்தது உட்பட, அதன் மேலேயே எழுதி வையுங்கள். அடுத்த முறை காய்ச்சலோடு டாக்டரிடம் போகும்போது, கடந்த 6 மாதத்தில் கொடுத்த மருந்துகளை அவர் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லிவிடுங்கள். கல்ச்சர் முடிவு வருவதற்கு முந்தைய அந்த இரண்டு, மூன்று நாளுக்கு எந்த மருந்தில் தொடங்குவது என்று அவர் தீர்மானிக்க அதைவிட உதவியான தகவல் அதிகம் இல்லை.